சிநேகம் பிடிக்கிற இங்கிலீஷ்

விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து ஓர் உதறு உதறுகிறாள். காற்று நிரம்பி எழும்பிய துணி கீழே இறங்குவதற்குள் எதிரில் நிற்பவள் மற்ற இரண்டு மூலைகளையும் பிடித்துவிட வேண்டும். தவறினால், "கை எங்க, கண்ணு எங்க?" என்று அதட்டல் விழும். பிறகு இருவரும் நடந்து நெருங்கி, மூலையோடு மூலை சேர்த்து, விலகி, மறுபடி நெருங்கி, விரிப்பைக் கைக்கு அடக்கமாக்கி அடுக்கில் ஏற்றுவார்கள். இந்தத் தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் உதறுகிறவளை மடிப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அதே கூடத்தின் மூலையில் கிழிந்த தலையணை உறைகளைத் தைத்துக்கொண்டிருப்பவள் நான். என்னை அவள் "தையலு" என்பாள்.

மடிப்பக்கா இயந்திரங்களோடு பேசுவாள். உலர்த்தி கூவினால், "ஏன்டி கத்துற, வந்துட்டுதானே இருக்கேன்" என்பாள். நூல் மாட்டும் என்று மோதிரம் போடமாட்டாள். டீயை ஆறவிட்டு, ஆறிப்போச்சு என்று திட்டிக்கொண்டே குடிப்பாள். காலையில் அறைகளிலிருந்து அழுக்குத் துணி வந்து இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்த்து, "இந்த ஆளு ராத்திரி பூரா புரண்டிருக்கான். பாவம், என்ன கஷ்டமோ" என்பாள். இன்னொன்றைப் பார்த்து, "இது படுக்கவே இல்ல, உக்காந்தே விடிய வெச்சிருக்கு" என்பாள். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் உச்சுக்கொட்டும் மனசு.

அவளுக்கு எதிரில் நின்று மடிக்க ஒருத்தி வந்தாள். கடல் தாண்டி வந்தவள். தலைமுடியைப் பார்த்து நாங்கள் சுருட்டை என்று பெயர் வைத்தோம். அவள் மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் மொழி அவளுக்குத் தெரியாது. இருவரும் ஊமைப் படம் மாதிரி தலையாட்டி வேலை பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு மடிப்பது மடிப்பக்காவால் ஆகிற காரியமா? கல்லூரியில் படிக்கும் மகளிடம் போய் நின்றாள். மகள் அம்மாவின் போனில் பாடம் ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். நண்பர்களைப் பெற உதவும் ஆங்கிலச் சொற்கள், வாக்கியங்கள். மடிப்பக்கா அதற்கு வைத்த பெயர், சிநேகம் பிடிக்கிற இங்கிலீஷ்.

பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி வருவாளாம். யாரையோ சபிக்கிறாள் என்று பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போய்விட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

விரிப்பு அவர்களை அருகில் கொண்டுவரும்போது ஒரு வாக்கியத்தை அவிழ்த்துவிடுவாள். அடுத்த முறை நெருங்கும்போது பதில் வரும்.

"வாட் டூ யூ டூ இன் ஃப்ரீ டைம்?"

சுருட்டை யோசித்துவிட்டு, "ஸ்லீப்" என்றாள்.

"மீ டூ!" மடிப்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "வீ ஹேவ் எ லாட் இன் காமன்!" என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "தையலு, எங்களுக்குள்ள எவ்வளவு ஒத்துப்போகுது பாத்தியா?"

பாடத்தின் ஆரம்பத்திலேயே நலம் விசாரிக்கும் பகுதி உண்டு. முதல் தடவை மடிப்பக்கா "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டபோது சுருட்டை தலையை இடமும் வலமும் ஆட்டினாள். விரிப்பை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மறு கையை அடிவயிற்றில் வைத்து, அவள் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னாள். மடிப்பக்கா அவளைத் திருத்தினாள். "அப்படி இல்லடி. ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ? சொல்லு." சுருட்டை சொன்னாள். "கரெக்ட்!" என்று மடிப்பக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் கேள்வியும் தவறாது, பதிலும் தவறாது.

ஒருநாள் உதறிய விரிப்பு எழும்பி இறங்கியது. பிடிக்க ஆள் இல்லை. சுருட்டை தரையில் கிடந்தாள்.

வயிற்றில் கட்டி. வெகுநாளாக வளர்ந்தது, முற்றிவிட்டது என்றார்கள். ஊருக்கு அனுப்ப ஏற்பாடானது. தன் பொருட்களை எடுக்க அவள் வந்த அன்று மடிப்பக்கா என்னிடம் ஓடிவந்தாள். "ரொம்ப வலிக்குதான்னு எப்படிக் கேக்கணும்? பாடத்துல அது இல்லையே!" எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தேன். வாய்க்குள் அதையே உருட்டிக்கொண்டு வாசலில் நின்ற வேன் வரைக்கும் ஓடினாள். கேட்டாள். சுருட்டை வேனுக்குள் சாய்ந்தபடி சிரித்தாள்.

"ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?"

மடிப்பக்கா வேன் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். சில மாதங்களில் சுருட்டையின் அண்ணனிடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது. மடிப்பக்காவின் மகள்தான் படித்துச் சொன்னாள்.

அன்றோடு பாடம் நின்றது. இங்கிலீஷ் மட்டுமில்லை, எதிரில் நிற்பவளோடு பேச்சே நின்றது. வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனார்கள். "சிடுமூஞ்சி" என்று காதுபடவே சொன்னார்கள். சூப்பர்வைசர் "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போனால், "நின்னு கேக்க நேரமில்லாதவங்க எதுக்கு சார் கேக்கறீங்க?" என்பாள். அழுக்குத் துணி இறங்கினால் பார்ப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு இயந்திரத்தில் திணிப்பாள்.

"இப்படியே இருந்துட முடியுமா அக்கா? யாரோடயாவது பேசணும்ல?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எவனோ படுத்த துணியப் பாத்து அவன் தூங்கலைன்னு சொன்னேனே தையலு. எதுத்தாப்புல நின்னவ வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. தப்புன்னு திருத்தி விட்டேன். எனக்கு எதுக்கு இன்னொரு சிநேகம்?"

போன வாரம் புதிதாக ஒருத்தி வந்தாள். இவளும் வேறு தேசம். இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவளாம். இவளும் எங்கோ பாடம் படித்திருக்கிறாள் போலிருக்கிறது. முதல் விரிப்பில் நெருங்கும்போதே, "நைஸ் டு மீட் யூ" என்றாள். மடிப்பக்கா மூலையைச் சேர்த்தாள், விலகினாள். அடுத்த விரிப்பில், "வாட் இஸ் யுவர் நேம்?" மடிப்பக்கா விரிப்பை அடுக்கில் ஏற்றிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "ஹவ் ஆர் யூ?"

மடிப்பக்காவின் கையிலிருந்து மூலைகள் நழுவின. விரிப்பு தரையைத் தொட்டது. அதை மிதித்துக்கொண்டே நேராக அவளிடம் போனாள்.

"நீ எப்படி இருக்க? யூ?"

அந்தப் பெண் பயந்துபோய், "ஐ ஆம் ஃபைன், தேங்க்..."

"பேசாத."

மோவாயைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரலால் கீழிமையை மெல்ல இழுத்து, உள்ளே ரத்தச் சிவப்பு இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடுத்த கண்ணையும்.