கட்டாத அணைக்காகக் காலி செய்த வீடு

ஹூஸ்டன் பக்கத்து ஜூலை மாத வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேர்லேண்டில் எங்கள் வீட்டு மெயில் பாக்ஸ் வரை நடந்து வந்தாலே உடம்பு நனைந்துவிடும். "கார்லயே போற மாதிரி எங்கியாவது குளிரான எடம் இருக்கா?" என்று கோவிலில் பார்க்கும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். இருக்கிறது. நாங்கள் இரண்டு முறை போய் வந்தோம். முதல் தடவை 1995 ஜூலை, அடுத்தது ஆறு வருடம் கழித்துப் போன மாதம். இரண்டு முறையும் கொலராடோவில், மலைக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன நகரத்துக்கு. என் அண்ணன் பழனிசாமி அங்கே நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் இன்ஜினியர். அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்பதால் ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை. வழியில் பாதிக்கு மேல் எந்த மலை ஊருக்குப் போனாலும் ஒன்றுதான்.

பேர்லேண்டிலிருந்து அமரில்லோ சுமார் 620 மைல். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டால் டாலஸில் மாட்டிக்கொண்டாலும் சாயங்காலம் வெயில் இருக்கும்போதே போய்ச் சேரலாம். அங்கே ஒரு மோட்டலில் தங்கினோம். மறுநாள் டால்ஹார்ட், கிளேட்டன் வழியாக ரட்டோன், சுமார் 210 மைல். டால்ஹார்ட் பக்கம் ஆயிரக்கணக்கில் மாடுகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். அது வருவதற்கு முன்பே கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்றை அடைத்துவிடுங்கள். மறந்தால் நாற்பது மைலுக்கு யாரும் சாப்பாட்டைத் தொட மாட்டார்கள். ரட்டோனில் இன்டர்ஸ்டேட் 25-இல் ஏறிக் கணவாயைத் தாண்ட வேண்டும். இன்னும் நூறு மைல் சொச்சம் போனால் பியூப்லோ. அங்கிருந்து மேற்கே திரும்பினால் மலைதான்.

அண்ணன் ஊர் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் தலை வலிக்கும். பயப்பட வேண்டாம், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் போதும். சமைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் போகாதீர்கள். "எட்டு விசில் வெச்சும் இந்தக் கடலை மசியாது பாரு" என்பது அண்ணியின் நிரந்தரப் புலம்பல்.

95-இல் நாங்கள் போன இரண்டாம் நாள் காலை, "ஒரு எடம் காட்டறேன், வாங்க" என்று அண்ணன் எங்களைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். நான், என் கணவர் சிவக்குமார், அப்போது ஆறு வயதான எங்கள் மகள் நிவேதா. ஊரிலிருந்து பதினான்கு மைல், கடைசி ஐந்து மைல் ஜல்லி ரோடு. பைன் மரங்கள் சட்டென்று விலகி ஒரு பள்ளத்தாக்கு திறந்தது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு ஓடை, இரண்டு பக்கமும் இடுப்பளவு புல். தூரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மரவீடு. நான் பார்த்த இடங்களிலேயே அதைவிட அழகானது இன்றுவரை இல்லை.

"இது பூராவும் தண்ணிக்குள்ள போயிரும். அந்தப் பாறைக்கும் இந்தப் பாறைக்கும் நடுவுல அணை" என்றார் அண்ணன்.

"எப்பக் கட்டறாங்க மச்சான்?" என்று கேட்டார் என் கணவர்.

"கட்டறதுன்னு யாரும் சொல்லலியே. இந்த ஓடைத் தண்ணிய இங்க தேக்கிக்கற உரிமைய மட்டும் எங்க ஊரு முப்பது வருசம் முந்தியே கோர்ட்ல வாங்கி வெச்சுருக்குது. எப்பவாச்சும் தேவப்படும்னு."

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கற மாதிரி."

"அதேதான் மாப்ள. ஆனா இங்க துண்டப் போட்டுட்டுச் சும்மா இருக்க முடியாது. ஆறு வருசத்துக்கு ஒருக்கா கோர்ட்டுக்குப் போயி, 'நாங்க ஏறத்தான் போறோம், இன்னின்ன வேல செஞ்சிருக்கறோம்'னு நிரூபிக்கோணும். இல்லீனா துண்டத் தூக்கி வீசிருவாங்க. கீழ இருக்கற பெரிய ஊருக்காரன் வந்து உக்காந்துக்குவான்."

அண்ணனின் பயம் வெறும் பயம் இல்லை. அந்த ஊருக்கு இருப்பது ஒரே ஒரு பழைய ஏரி. பனிச்சறுக்குக்கு வரும் கூட்டம் வருடா வருடம் கூடுகிறது, புது வீடுகள் மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போகின்றன. ஒரு குளிர்காலம் பனி சரியாகப் பொழியாவிட்டால் அடுத்த கோடையில் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தத் தகரக்கூரை வீட்டில் இருந்தவர் கேரல். எழுபது வயது, கணவர் இறந்துவிட்டார். வைக்கோலுக்காகப் புல் வளர்த்து விற்றுக்கொண்டு தனியாக இருந்தார். அவர் மகள் அதே நிலத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு துணைக்கு வர ஆசைப்பட்டாளாம். நீர்த்தேக்கத்துக்குள் போகக்கூடிய நிலம் என்று எந்த பேங்கும் கடன் தரவில்லை. மகள் பியூப்லோவுக்குப் போய்விட்டாள். கட்டாத அணை, ஆனால் அதன் கரை மட்டும் எல்லாருடைய வரைபடத்திலும் இருந்தது.

கேரல் எங்களைச் சமையலறையில் உட்கார வைத்து ஐஸ் டீ கொடுத்தார். நாங்கள் சர்க்கரை கேட்டோம். ஒரு டம்ளருக்கு நான்கு ஸ்பூன் போட்ட என் கணவரை வேடிக்கை பார்த்துவிட்டு, ஜாடியையே அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அண்ணனை ஆபீசில் எல்லாரும் 'பால்' என்று சுருக்கிவிட்டார்கள். கேரல் மட்டும் 'பால்னி' என்று முழுப்பெயருக்கு முயற்சி செய்தார். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, திடீரென்று கேட்டார்.

"பால்னி, உண்மையைச் சொல். கட்டப் போகிறீர்களா?"

"என் சர்வீசில் கட்ட மாட்டார்கள். கட்டாமலே கூடப் போகலாம்."

"அப்படியென்றால் விட்டுவிடுங்களேன்."

"விட்டால் திரும்பக் கிடைக்காது, கேரல்."

கேரல் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஜனவரியில் நகராட்சி கோர்ட்டில் மனு போட வேண்டும், செய்த வேலை என்று எதையாவது காட்டவும் வேண்டும். அதற்குள் நிலத்தை நகராட்சி விலைக்குக் கேட்டிருந்தது. அவர் விற்கலாமா, எதிர்த்து வழக்காடலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தார் என்பது பேச்சில் தெரிந்தது.

"விற்றுவிட்டால் நான் எங்கே போவது?"

"எங்கேயும் போக வேண்டாம். பேப்பரில் மட்டும்தான் நிலம் எங்களுடையது. நீங்கள் இருக்கும்வரை இந்த வீட்டில்தான் இருப்பீர்கள். அதற்கு ஒரு குத்தகை எழுதிக்கொள்ளலாம், அது என் பொறுப்பு."

கேரல் எங்களைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் இரண்டு பேரும் சாட்சி" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அண்ணன் அன்று பொய் சொல்லவில்லை. அவர் முகம் எனக்குத் தெரியும். அப்படித்தான் நடக்கும் என்று முழுசாக நம்பித்தான் சொன்னார்.

அடுத்து வந்த கிறிஸ்துமஸுக்கு கேரலிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. நானும் பொங்கலுக்கு ஒன்று அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்து வந்த அட்டையில் பியூப்லோ விலாசம் இருந்தது. மகளோடு இருக்கப் போய்விட்டார் போல, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனிடம் போனில் கேட்டபோது, "ஆமா, போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

போன மாதம் மறுபடி போனபோது நான்தான் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்றேன். அண்ணன் வேலை இருக்கிறது, ரோடு சரியில்லை என்று இரண்டு நாள் தள்ளினார். மூன்றாம் நாள் அண்ணி, "கூட்டிட்டுத்தான் போங்களே. அவங்களுக்குந்தான் தெரியட்டும்" என்றார்.

ஜல்லி ரோட்டின் முடிவில் புதிதாக ஒரு கேட். அண்ணனிடம் சாவி இருந்தது. ஓடை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, பாறைகள் அப்படியே நின்றன. புல்லை யாரும் அறுக்கவில்லை. நடுவே முள்செடி மண்டிவிட்டது. வீடு இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு சிமென்ட் படிகள் மட்டும் இருந்தன.

நிவேதாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. "மாமா, வேர் இஸ் த லேக்?" என்றாள்.

"லேக் இல்ல கண்ணு."

"தென் வை டிட் யூ கைஸ் ப்ரேக் த ஹவுஸ்?"

அவள் ஓடைப் பக்கம் போன பிறகு அண்ணன் என்னிடம் சொன்னார்.

"அந்தம்மா என்னை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாங்க அம்மிணி. குத்தகைய அப்பறம் எழுதிக்கலாம்னு நாந்தான் சொன்னேன். அப்பறம் எங்க வக்கீலு வேண்டாம்னுட்டாரு. 'சாகற வரைக்கும் இருந்துக்கலாம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, அப்ப அணை கட்டற எண்ணமே இல்லியான்னு ஜட்ஜ் கேப்பாரு, உரிமையே போயிரும்'னாரு. ஒரு வருசத்துக்குத்தான் எழுதுனாங்க. அது முடிஞ்சதும் புதுப்பிக்கல."

"வீட்டயாச்சும் விட்டிருக்கலாமில்லீங்ணா?"

"காலி வீடு. யாராச்சும் உள்ள போயி அடிபட்டா இன்சூரன்ஸ் பிரச்னைன்னாங்க. நாலு நாள்ல இடிச்சுட்டாங்க. நான் லீவு போட்டுட்டு வூட்லயே உக்காந்திருந்தேன்."

"மறுக்கா எப்பக் கோர்ட்டு?"

"வர்ற ஜனவரி. ரிப்போர்ட் நாந்தான் எழுதிட்டிருக்கறேன். ஆறு வருசத்துல என்ன செஞ்சோம்னு வரிசையா எழுதோணும். மொதல் பாயிண்ட்டே இந்த எடத்த வாங்கிக் காலி பண்ணுனதுதான்."

நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். பவானிசாகர் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டுத்தான் படித்து இங்கே வந்தோம். அந்த அணைக்குள்ளும் ஊர்கள் முழுகின. யார் வீடு என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அங்கே தண்ணீராவது வந்தது. இங்கே வீட்டைக் கொடுத்தவருக்குக் காட்டுவதற்கு ஒரு சொட்டு இல்லை.

திரும்பும் நாள், பியூப்லோவில் கேரலைப் பார்த்துவிட்டுப் போகப் போகிறோம் என்றேன். அண்ணன், "பியூப்லோ வரைக்கும் நானும் வர்றேன்" என்று தன் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்.

கேரல் இருப்பது நெடுஞ்சாலைக்கு அருகே ஒரு அபார்ட்மென்டில், இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் டயர் கடை. அண்ணன் மேலே வராமல் கீழே தன் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாளாம், தினமும் வருகிறாளாம். கேரல் இளைத்திருந்தார். நிவேதாவின் உயரத்தைப் பார்த்து வியந்தார், என் கணவருக்கு மறக்காமல் சர்க்கரை ஜாடியை எடுத்து வைத்தார். யாரையும் குறை சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்து, "பால்னி கீழே காரில் இருக்கிறானா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அண்ணன் அவரைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கி நின்றார். அண்ணன்தான் முதலில், "கேரல், நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கு..." என்று ஆரம்பித்தார். கேரல் அவர் கையைத் தொட்டு நிறுத்திவிட்டார்.

"தண்ணீர் நிறைந்துவிட்டதா?"

"இல்லை."

"என்றைக்காவது நிறைந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. எதற்காகக் கிளம்பி வந்தேன் என்று பார்த்துக்கொள்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பார்க்க ஆசைப்படுகிறவர் மாதிரிதான் சொன்னார். அண்ணன் "சரி" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த ஜனவரி ரிப்போர்ட்டை அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடத்தான் போகிறார். எங்களை வழியனுப்பும்போது அவரே சொன்னார்: "வுட்டுட்டா அந்தம்மா போனதுக்கும் அர்த்தமில்லாமப் போயிரும். வுடலீன்னா அடுத்த தடவ கோர்ட்டுல காட்டறதுக்கு இன்னொருத்தரக் காலி பண்ணி அனுப்போணும். எனக்கு ஒண்ணும் புரியல அம்மிணி." நாங்கள் ரட்டோன் தாண்டும்வரை காரில் யாரும் பாட்டுப் போடவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூலையின் முதல் இரண்டு வாரம் சிறந்தது, பூக்கள் அப்போதுதான். மதியத்துக்கு மேல் மலையில் இடி மின்னல் வரும், நடப்பதையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள். கோடையிலும் ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும். மலை இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். அழகான பள்ளத்தாக்கில் ஆள் இல்லாமல், பூட்டிய கேட் மட்டும் இருந்தால், உள்ளூர்க்காரர் யாரையாவது அது ஏன் என்று விசாரித்துப் பாருங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

பாட்டில் தண்ணீர் சுமந்துகொண்டு போகத் தேவையில்லை. அந்த ஊர்க் குழாயைத் திறந்தால் பனி உருகின தண்ணீர், பல் கூசும். கிளம்பும் அன்று காலை அண்ணன் வீட்டுச் சமையலறையில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். ஹூஸ்டன் பக்கம் எங்கேயும் அந்த ருசி கிடையாது. இன்னொரு டம்ளரும் குடித்தேன்.