தொம்மையின் மீன்பாறை

திரேஸ்புரத்து மீனவர் தொம்மையிடம் இரண்டு வருடம் கேட்டுக் கேட்டுத்தான் இன்பமணி டீச்சர் 1974இல் குழந்தைகளுக்கான கடல் புத்தகத்தை எழுதினார். கரையிலுள்ள கோவில் கோபுரமும் ஒற்றைப் பனையும் கடலிலிருந்து ஒரே நேர்கோட்டில் தெரிந்தால், பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேலான ஆழத்தில் தன் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த மீன்பாறை இருக்கும் என்று தொம்மை சொன்னார். அதை மட்டும் அச்சிட வேண்டாம் என்றார். டீச்சரும் புத்தகத்தில் எழுதவில்லை. ஆனால், ஓவியருக்கென்று அவர் அனுப்பிய குறிப்பேட்டிலிருந்து பதிப்பாளர் அதை முழுப்பக்கப் படமாகப் போட்டுவிட்டார்.

“எங்க பாறையில இன்னைக்குப் பதினோரு வள்ளம் நிக்கி, டீச்சர். புஸ்தகம் நல்லா விக்கி போல!”

“சத்தியமா நான் குடுக்கல, அண்ணாச்சி. அவங்கதான்...”

“நான் அவங்களயா நம்புனேன்?”

படத்தை நீக்கச் சொல்லி டீச்சர் கடிதம் எழுதினார். பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது என்று பதில் வந்தது. அதன்பின் அவர் கடலைப் பற்றி எழுதவே இல்லை.