விறகு அறையில் இருந்த செம்பருத்தி

பீங்கான் தட்டில் வெளுத்துக் கிடந்த ஒரு செம்பருத்தி இலை என் வேலையைப் பறித்துவிடும் என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். 1940களின் தொடக்கம். மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை. என் வகுப்பைப் பார்க்க அன்று இன்ஸ்பெக்டர் அம்மா வந்திருந்தார்.

இலை வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்று காட்டுவதாக இருந்தேன். தொட்டிச் செடியின் இலையொன்றில் கறுப்புக் காகிதப் பட்டையைக் கட்டி மூன்று நாள் முற்றத்தில் வைத்திருந்தேன். அதைப் பறித்துக் கொதிநீரிலும், பிறகு சூடான ஸ்பிரிட்டிலும் இட்டுப் பச்சையைப் போக்கி, அயோடின் சொட்டுகளை விட்டேன். வெயில் பட்ட இடத்தில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். அது கருநீலமாக வேண்டும். காகிதம் மறைத்த இடம் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் எங்குமே நிறம் மாறவில்லை. பிள்ளைகள் தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நாந்தேன் டீச்சர்," என்றார் வாசலில் நின்ற ஆயா. கீழக்குயில்குடியில் பிறர் வயலில் நாற்று நட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். "பங்குனி வெயில்ல செடி வாடுதேன்னு முந்தாநாளு விறகு அறைக்குள்ள தூக்கி வச்சேன். லீவு முடிஞ்சு நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடிதேன் வெளிய எடுத்தாந்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை, சட்டென்று விளங்கியது. இருட்டில் இருந்த செடி, முன்பு சேர்த்து வைத்ததையெல்லாம் தின்று தீர்த்திருக்கிறது! அதைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேறோர் இலையில் காகிதம் கட்டி வெயிலில் வையுங்கள். மூன்று மணிக்கு வருகிறேன்."

வந்தார். இலை கருநீலமாயிற்று, நடுவில் காகிதப் பட்டையின் தடம் மட்டும் வெளுப்பாக நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். என் வேலை பிழைத்தது.

எல்லோரும் போன பின் ஆயா தன் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு பிடி சோற்றைத் தட்டில் வைத்தார். "இதுல ரெண்டு சொட்டு விடுங்க."

சோறு நீலமாகிக் கறுத்தது.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா டீச்சர்?"

"ஒன்றுதான் ஆயா. நெல்லின் இலை வெயிலில் ஆக்கியது."

ஆயா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நானும் அதே வயல்ல, அதே வெயில்லதான் அம்புட்டு வருசம் நின்னேன். எனக்கு ஒரு பிடி ஆகலையே."

மனித உடம்பில் பச்சையம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது அதுவல்ல என்று அதற்குள் புரிந்துவிட்டது.