பூந்தமல்லியில் ஒரு துப்பாக்கிப் பெட்டி

நாளைக்கு தில்லியில் துப்பாக்கி சுடும் போட்டி. இன்னும் இரண்டு மணி நேரத்தில் விமானம். ஆவடியில் ஏறிய ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடி பூந்தமல்லி சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அந்த நீட்டுப் பெட்டில இன்னா கீது?" என்கிறார் ஏட்டு.

"துப்பாக்கி சார்."

ஆட்டோக்காரர் சத்தமில்லாமல் இறங்கிச் சாலையின் மறுபக்கம் போய் நிற்கிறார். ஏட்டு என் லைசென்ஸை இரண்டு முறை படிக்கிறார்.

"இத்த எட்துகினு ஏரோப்ளேன்ல ஏறுவியா?"

"பூட்டி, கீழே லக்கேஜோட போட்ருவாங்க சார். தோட்டா தனியா போவும். எறங்குற வரைக்கும் கையில குடுக்க மாட்டாங்க."

"நடுவானத்துல எவனாச்சும் ப்ளேனைக் கடத்துனா?"

"எல்லாரோடயும் சேந்து நானும் கையைத் தூக்கிடுவேன் சார்."

ஏட்டின் முகம் தொங்கிப்போகிறது. லைசென்ஸை என் மடியில் போடுகிறார்.

"இதுக்கு உனுக்கு ஒரு துப்பாக்கி. கெளம்பு, கெளம்பு."