கறுப்புச் சாயத்துக்கு அடியில் இரண்டு அம்புகள்

மர அம்பு முறிந்தால் இலக்குக்குப் போகாது. நாண் தள்ளும் வேகத்தில் நடுவில் பிளந்து, பின்பாதி ஈட்டியைப் போன்ற சிலாம்பாகி, வில்லைப் பிடித்திருக்கும் கைக்குள் இறங்கும். எங்கள் வில்லைப் பிடிக்கவிருந்த கை, தேனாம்பேட்டைச் சந்து ஒன்றில் சோபாச் சட்டம் செய்து பிழைக்கும் தச்சருடையது. அவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். மூங்கிலைப் பிளந்து அந்த வில்லைச் செய்தவரும் அவர்தான். அம்புகள் என் பொறுப்பு.

நான் இருபது வருடம் பத்திரிகையில் பிழை பார்த்தவள். அம்புக்கும் அதே கண்தான் வேண்டும். அம்பு வில்லின் பிடியைச் சுற்றி வளைந்து, அதைக் கடந்த பிறகுதான் நிமிர்கிறது. எவ்வளவு வளைகிறது என்பது ஒவ்வொன்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மயிலாப்பூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு ஆணிகளுக்கு இடையே ஒவ்வொரு குச்சியையும் வைத்து, நடுவில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறது என்று ஸ்கேலால் அளந்தேன். விறைப்பானவற்றை உப்புத்தாளால் தேய்த்து இளக்கினேன். அறுபது குச்சிகளில் பதினான்கு தேறின. அவற்றுக்கு இறகு ஒட்டி எய்து பார்த்தோம். எய்த பிறகு ஒவ்வொன்றையும் இரு கையாலும் வளைத்து, காதருகே வைத்துக் கேட்டேன். இரண்டில் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம். மர ரேகை சாய்ந்து வெளியே ஓடும் இடத்தில், மயிரிழை விரிசல்.

பென்சிலால் அவற்றில் பெருக்கல் குறி போட்டேன். பத்திரிகையில் நீக்க வேண்டிய பத்திக்குப் போட்டுப் பழகிய குறி.

“குறி இன்னாத்துக்கு மேடம்? முட்டில வெச்சு உடைங்க. நான் தப்பான கட்டைய வெச்சுக்கினு இருக்க மாட்டேன்.”

“அளவு ஒப்பிட்டுப் பாக்க வேணும் பாய்.”

“உங்க ஊட்ல காயிதம்கூட கீழ போடமாட்டீங்கபோல கீது” என்று சிரித்தார். நான் இரண்டையும் மற்ற பன்னிரண்டோடு சேர்த்தே கட்டி வைத்தேன்.

அடையாறில் ஒரு புல்வெளியில் கலைவிழா. வில்லைச் செய்தவரே மேடையில் எய்ய வேண்டும் என்பது அதை நடத்தியவரின் யோசனை. பார்வைக்கு வைக்க அம்புக் கட்டு முழுவதையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டார். பெருக்கல் குறி போட்ட இரண்டும் எய்வதற்கல்ல என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தன.

விழா அன்று மாலை நாங்கள் போனபோது, மேசைமேல் பதினான்கும் பளபளவென்று கறுப்பாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று தங்கப் பட்டை. ரேகை தெரியவில்லை. குறி தெரியவில்லை.

“எப்படி இருக்கு? வெறும் மரம் காமிரால எடுபடல மேடம். டல்லா இருந்துச்சு” என்றார் விழா நடத்தியவர்.

“குறி போட்டது எது?”

“எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?”

அதுதான் ஆபத்து என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் என் குரல் இறங்கும். என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

“ஒண்ணும் ஆகாது. சின்னக் குச்சி. பாய், நீங்க ரெடியா?”

பாய் நாணைக் கையில் வைத்திருந்தார்; இன்னும் ஏற்றவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் முதல் அம்பை எடுத்து வளைத்தேன். சாயம் காய்ந்து கெட்டியாகியிருந்ததால் ஒவ்வொன்றும் நொறுநொறுவென்றது. எது மரத்தின் சத்தம் என்று காதுக்குப் பிடிபடவில்லை. முன்வரிசையில் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். ஐந்தாவது அம்பு என் கையிலேயே இரண்டானது. பிளந்த முனை என் விரல் நீளம் இருந்தது.

அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“கெஸ்ட் முன்னாடி இப்படிப் பண்ணலாமா மேடம்? சரி, ஒண்ணு போச்சு. மீதி பதிமூணு இருக்குல்ல?”

“அந்தப் பதிமூணுல இன்னொண்ணு இருக்கு. எதுன்னு சொல்லுங்க. அத நீங்க எய்யுங்க.”

அவர் மைக் வைத்திருந்த பெண்ணிடம் திரும்பி, தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவிக்கச் சொன்னார். எத்தனையோ பொய்ச் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். இதைத் திருத்த எனக்கு மைக் தரவில்லை.

பாய் நாணைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்புகளைக் கட்டி நான் எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் தேனாம்பேட்டை சிக்னல் வரை, அந்த ஆளைப் பாய் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அவனுக்கு மரம் தெரியாது, மேடம். வுடுங்க. உங்களுக்குத் தெரியும். நீங்க ஏன் வெச்சீங்க?”

சிக்னலில் இறங்கி, வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டில் பிளேடால் சாயத்தைச் சுரண்டினேன். தங்கப் பட்டைகள் உதிர்ந்து மேசையில் ஒட்டின. ஏழாவது அம்பில் சாயத்துக்கு அடியில் என் பென்சில் குறி, அழியாமல் இருந்தது. முட்டியில் வைத்து உடைத்தேன். முதல் அழுத்தத்திலேயே போயிற்று.

மீதியையும் சுரண்டி முடித்தேன். அந்த மனிதருக்கு உடைந்த பாதியைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பாய்க்கும் அனுப்பினேன். அவருடையது இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது.