நெஞ்சு உயரத்தில் புளி

மூங்கில்துறைப்பட்டுக்கு நாலு மைல் இந்தப் பக்கம் இருந்த ஒரு கரும்புத் தோட்டத்தை விட்டுக் கிளம்பி நடந்துகொண்டிருந்தேன். ஒரு துணிப்பை, அதில் ஒரு வேட்டி, ஒரு போர்வை, கரும்பு வெட்டும் கத்தி. பையை இடது தோளில் மாட்டினால் கழுத்தின் இடது பக்கம் காதுவரை இழுத்தது. வலது தோளுக்கு மாற்றினால் வலது பக்கம் இழுத்தது. கடைசியில் இடுப்பில் கட்டிக்கொண்டேன். விட்டு வந்த இடத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை வைராக்கியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கழுத்து திரும்பாது, அவ்வளவுதான்.

சாலையில் வண்டி எதுவும் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடங்கள் அவை. அந்த வாரம் வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் இல்லை. சின்னசேலம் வரை நடந்துவிட்டால் ரயில் ஏறிச் சேலம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சேலத்தில் தலையில் பாரம் ஏற்றாமல், குனியாமல், அண்ணாந்து பார்க்காமல் செய்கிற வேலை ஏதாவது இருக்கும். இருந்தால் பிழைப்பேன். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. ஏழாவது வகுப்போடு நின்றவனுக்கு உடம்பைத் தவிர விற்க வேறொன்றும் கிடையாது. அந்த உடம்பு விலை போகவில்லை.

வலி முதலில் வந்தது கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கம். ஒரு வருடம் முன்பு அங்கே மரவள்ளிக் கிழங்கு மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். ஒருநாள் விடியும்போது கழுத்து கட்டைபோல இருந்தது. படுத்த விதம் சரியில்லை என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அது தோளுக்கு இறங்கியது, பிறகு முதுகுக்கு, பிறகு இன்ன இடம் என்று சொல்ல முடியாமல் எல்லா இடத்துக்கும். எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்காதவனாகவே எழுந்தேன். கழுத்துவலி கூடும்போது கூடவே குமட்டல் வரும். சோறு வேகும் வாசனை, பீடிப் புகை, வெல்லம் காய்ச்சும் ஆவி, எதுவானாலும் போதும், வாயில் தண்ணீர் ஊறி வயிறு புரளும்.

இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது. பெரிய ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு டாக்டரம்மா சொன்னார்கள். படம் எடுத்தால் தெரியாது, ரத்தத்தில் தெரியாது, ஆனால் வலி உண்மை என்று சொன்னார்கள். வலி உண்மை என்று எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி கரும்புத் தோட்டத்து மேஸ்திரிக்குச் சேர வேண்டியது.

வெட்டாட்கள் பதினாறு பேருக்கு அவர்தான் மேஸ்திரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சோறு சரியாகப் போடுவார். நான் கரும்புக் கட்டை இறக்கிவிட்டு வரப்பில் குந்தி வாந்தி எடுத்த முதல் நாள், குடித்திருக்கிறாயா என்று வாயை முகர்ந்து பார்த்தார். இரண்டாம் முறை எடுத்தபோது, "எத்தினியாவது மாசம்டா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கரும்புக் கட்டுப் போடும் பெண்களுக்கும் அதே பேச்சுதான். மாங்காய் வேணுமா, சாம்பல் வேணுமா, வளைகாப்பு எப்போ என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே இருந்தேன். சிரித்தால் கழுத்து வலிக்கும், அது வேறு.

பிறகு சுளுக்கு என்று முடிவு செய்தார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் மிதித்தால் சுளுக்கு விடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. பக்கத்துச் சேரியிலிருந்து அப்படி ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். அவளுக்கு இஷ்டமே இல்லை. ஒரு வருடமாகவா என்று கேட்டாள், அது சுளுக்கு இல்லை என்றும் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. என்னைக் குப்புறப் போட்டு இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, அவள் மூன்று முறை கழுத்தில் குதிகாலை வைத்து எடுத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனாலும் எனக்கு லேசாகத் தொட்டாலே அடித்த மாதிரி இருக்கும். அந்த நோயின் குணம் அது. நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. இத்தனை செய்தும் சரியாகவில்லையென்றால் அவன் வேஷம் போடுகிறான் என்று அர்த்தம், இது மேஸ்திரியின் தீர்ப்பு. சும்மாட்டைக் கண்டால் சோம்பேறிக்குக் கழுத்து வலிக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் மறியல் வந்தது. வெட்ட வேண்டாம் என்று ஆலையிலிருந்து ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். வெட்டிப் போட்டால் கரும்பு காயும். பதினாறு பேரும் கொட்டகையில் படுத்துக் கிடந்தார்கள், சீட்டு ஆடினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இரண்டு நாள் பாரம் தூக்காவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. மூன்றாம் நாள் இன்னும் மோசம். தலையைத் தூக்கி வைக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு ஒரு விஷயம் தோன்றியது. வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று சொன்னவர்கள் இப்போது பார்க்கட்டும். வேலையே இல்லையே, நான் எதற்கு நடிக்க வேண்டும்? அதுவரை மறைவாகப் போய் வாந்தி எடுத்தவன், அன்று கொட்டகை வாசலிலேயே எடுத்தேன். துடைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் கேட்டேன்.

"இன்னிக்கு எந்தக் கட்டு தூக்குனேன், அதுக்குப் பயந்துக்கினு நடிக்கிறதுக்கு? சொல்லுங்க."

அவர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. "நடிச்சு நடிச்சு உனுக்கே அது பழகிப்போச்சுடா. இப்ப வேலை இல்லாதப்பகூடத் தானா வருது பாரு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். வேறொருவன் கழுத்தாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த இடத்தில் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இவர்களிடம் நிரூபிக்க வழியே கிடையாது. வேலை இருந்தால் சோம்பேறி, வேலை இல்லாவிட்டால் பழகிப்போன சோம்பேறி. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நடப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். வேகமாக நடந்தால் ஒவ்வொரு அடியும் கழுத்தில் இடிக்கும், அதனால் குதிகால் அழுத்தாமல் நடந்தேன். துண்டை நாலாக மடித்துக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன்மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டேன். தண்ணீரை மடக்கென்று குடித்தால் அப்படியே திரும்பி வரும். ஒவ்வொரு வாயாக, நடுவில் நூறு அடி விட்டுக் குடிக்க வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் கெட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

வெயில் ஏறிய பிறகு முதல் மரம் வந்தது. அதன் மேல் ஏழெட்டு ஆட்கள் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். அவர் பக்கவாட்டில் இருந்தார். நான் சாலையைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாயா, அவ்வளவு திமிரா என்று இன்னொருவர் எழுந்தார். நான் காலை நகர்த்தி உடம்போடு சேர்த்து முழுதாகத் திரும்பினேன். ஒரு பையன் சிரித்துவிட்டான். "கதவு மாரி தொறக்கிறான் பாரு" என்றான். அந்தச் சிரிப்பில் அவர்கள் கோபம் போய்விட்டது. கிளை ஒன்றைப் புரட்டக் கை கொடுக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். இளவயதுக்காரன் இப்படிச் சொல்லலாமா என்று பேசி அனுப்பினார்கள். அவர்கள் மறியல் செய்து கேட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படிப்பும் வேலையும் கேட்டார்கள். நான் கேட்டது அதைவிடச் சின்னதுதான். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு ஆள்.

சங்கராபுரத்தைத் தாண்டியதும் குமட்டல் பலமாக வந்தது. மேற்கே மலை புகைபோல நின்றது, அதுவும் சேர்ந்து ஆடியது. வரிசையாக ஐந்தாறு புளியமரங்கள் சாலையில் விழுந்து கிடந்தன. அங்கே யாரும் இல்லை. ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது என் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், பாதி பழுத்த புளி கொத்தாகத் தொங்கியது. ஒன்றை உடைத்து நாக்கில் வைத்தேன். புளிப்பில் பல் கூசியது. வயிறு ஒரு நிமிடம் திகைத்த மாதிரி நின்று, பிறகு அடங்கியது. இன்னொன்று எடுத்தேன்.

"மரம் சாஞ்சா ஊரு சொத்தா?"

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயது இருக்கும், இடுப்பில் கோணி கட்டியிருந்தாள். சாலையோரப் புளியமரங்களின் காயை அரசாங்கம் வருடா வருடம் ஏலம் விடும். அந்த வரிசையை எடுத்தவள் அவள். மரம் ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பில் எண் போட்டிருந்தது. முழுதாகப் பழுப்பதற்குள் எல்லாம் படுத்துவிட்டன. ஆடு மேய்ப்பவர்களும் விறகுக்காரர்களும் போதாதென்று இப்போது நீ ஒருத்தன் வந்தாயா என்று பொரிந்து தள்ளினாள். அவளும் மறியல் செய்தவர்களின் ஜனம்தானாம். எங்களுக்கு வேலை வேண்டாமென்றா சொல்கிறேன், என் வேலையை வெட்டிப்போட்டா அதைக் கேட்பது என்றாள். எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. என்னுடைய கோபத்தின் பக்கத்தில் உட்காரத் தகுந்த கோபம்.

வயிறு புரட்டியதால் எடுத்தேன் அக்கா என்று சொன்னேன். குடியா என்று கேட்டாள். இல்லை, கழுத்துவலி, அதனால் குமட்டுகிறது என்றேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். சுளுக்கு என்பாள், திருஷ்டி என்பாள், இந்த வயதில் என்ன வலி என்பாள். எதற்கும் பதில் தயாராக இருந்தது.

"எப்ப ஜாஸ்தி, எப்ப கம்மி?" என்று கேட்டாள்.

ஒரு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. யோசித்துச் சொன்னேன். விடியும்போது ஜாஸ்தி. வெயில் ஏறி உடம்பு சூடானால் கம்மி. பொழுது சாய்ந்தால் மறுபடி ஜாஸ்தி. குனிந்தால், அண்ணாந்தால், தலையில் வைத்தால் தாங்காது. கை மட்டும் அசைத்தால் தாங்கும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தாள்.

"நீ சொல்றது நெசமோ பொய்யோ, எனுக்குத் தெரியாது" என்றாள். "நின்ன மரத்துல அண்ணாந்துக்கினு தொரட்டியால உலுக்கணும், கீழ குனிஞ்சு பொறுக்கணும். இது படுத்த மரம். நெஞ்சு ஒசரத்துல இருக்குது கொத்து. வெயில் வந்தப்புறம் வா, சாய்றப்ப போ. ரோட்டுக்காரங்க வந்து அறுக்கிற வரைக்கும்தான் வேலை."

எத்தனை நாள் என்று அவளுக்கும் தெரியாது. இரண்டு நாளோ, ஐந்து நாளோ. அவள் பாதியை இழந்து நிற்கிற இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது என்று நினைக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சரி என்றேன்.

மறுநாள் காலை வெயில் மரத்தண்டில் ஏறும்வரை துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குறுக்கே போன ஆடுகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு சூடானதும் எழுந்து, கோணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, பதினான்காம் எண் மரத்தின் உச்சிக் கிளை பக்கம் போய் நின்றேன். மற்ற நாளில் முப்பது அடி உயரத்தில் இருக்கிற கிளை அது. ஒரு புளியை வாயில் அடக்கிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி பறிக்க ஆரம்பித்தேன்.