மைனஸ் எட்டு

வயதில் அக்கா மூத்தவள். கோபத்தில் நான் மூத்தவள். இருவருக்கும் ஒரே கம்பெனியில்தான் வேலை. மாடியில் அவள் சர்க்யூட் போர்டு வரைவாள், கீழே நான் ஈயத்தை உருக்கி அதில் பாகங்களை ஒட்டி சால்டரிங் வைப்பேன். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டுதான் அவள் தனியாக வரைந்த முதல் போர்டு. அது நல்லபடியாக வெளியே போனால் டிசைன் பிரிவுத் தலைமைப் பதவி அவளுக்கு என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

அந்தப் போர்டுகளை ஏற்றிப்போக வாசலில் லாரி வந்துவிட்டது. அக்கா, வோல்டேஜைக் கோடாகக் காட்டும் ஸ்கோப் திரையை விட்டு நகர்கிறபாடில்லை. போர்டிலுள்ள ஸ்விட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆகி அணைகிறது. அணையும் ஒவ்வொரு தடவையும், ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்க முடியாமல் வோல்டேஜைப் பூஜ்யத்துக்குக் கீழே இழுத்துவிடும். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குதான். ஸ்விட்சை இயக்கும் சிப்பில் அதோடு இணைந்த கால் மைனஸ் ஐந்து வோல்ட் வரை தாங்கும். அதற்குக் கீழே ஒருபோதும் விடாதே என்று சிப் செய்தவர்களே எல்லை போட்டிருக்கிறார்கள். திரை காட்டியது மைனஸ் பதினான்கு.

"அது புரோப் சொல்ற பொய்மா," என்றார் டெஸ்டிங் அண்ணன், போர்டைத் தொட்டு அளக்கும் ஊசியைக் காட்டி. "அதோட கிரவுண்ட் ஒயர் இவ்ளோ நீளமா தொங்கினா இல்லாததெல்லாம் காட்டும். போன தடவை இதை நம்பித்தானே எல்லாரும் பைத்தியமா அலைஞ்சோம்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஒயரால் ஒரு தடவை சூடுபட்டவர்கள், பிறகு எதைக் கண்டாலும் அதன் தலையிலேயே பழியைப் போட்டுவிடுவார்கள். அக்கா வாதாடவில்லை. ஒயரைக் கழற்றிவிட்டு, புரோப் நுனியில் குட்டிச் சுருள் கம்பியை மாட்டி, சிப்பின் காலிலேயே வைத்துப் பார்த்தாள். மைனஸ் எட்டு.

"பாத்தியா, குறைஞ்சிடுச்சு!"

"பாதி பொய்தாண்ணா. மீதி நிஜம்."

முதலாளி வந்துவிட்டார். "போர்டு ஓடுதா, இல்லையா?"

"ஓடுது சார்."

"அப்புறம் என்னம்மா?"

"இன்னைக்கு ஓடும். எல்லைக்குக் கீழ அடி வாங்கிட்டே இருந்தா என்னைக்கு நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. நிக்கிறப்ப உள்ள ஒரு குழந்தை இருக்கும். தப்பு என்னுது சார். சிப்புக்கும் ஸ்விட்சுக்கும் நடுவுல பாதையை நீளமா வரைஞ்சுட்டேன்."

கேட்காமலே தப்பைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொள்வார்களா யாராவது?

லாரி காலியாகத் திரும்பியது. பதவி டெஸ்டிங் அண்ணனுக்குப் போனது. வீட்டில் நான் பாத்திரங்களை உருட்டினேன்.

"நீ வாயை மூடிட்டிருந்தா அந்த நாற்காலி உனக்குத்தான்!"

"அதுல உக்காந்துட்டு எப்படிடி தூங்குறது?"

"ஆபீஸ் நாற்காலியில யாரும் தூங்கக் கூடாது," என்றேன் எரிச்சலோடு. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டாள்.

பாதையைச் சுருக்கிப் புதிதாக வரைந்தாள். ஸ்விட்ச் கொஞ்சம் நிதானமாக அணையட்டும் என்று மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சின்ன ரெசிஸ்டர் ஒன்றையும் சேர்த்தாள். முதல் போர்டுக்கு நான்தான் சால்டரிங் வைத்தேன். அக்கா புரோப்பை வைத்தாள். கோடு கீழே இறங்கி, மைனஸ் மூன்றைத் தொட்டுத் திரும்பியது. டெஸ்டிங் அண்ணன் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "அனுப்பலாம்," என்றார்.

பெட்டிகளை ஏற்ற வந்தவர்களிடம், "இது எங்க அக்கா வரைஞ்சது," என்றேன். அவர்கள் கேட்கவே இல்லை. இருந்தாலும் சொன்னேன். அவள் முதலில் தப்பாக வரைந்ததையும், அதை அவளே பிடித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன்.